ஏழாம் பெட்டிக்கு வேலை கொடுக்காதே

ஆகஸ்ட் 21

பதினேழு வருடம் ஓடிய என் நிரலை நேற்று காலை பதினொன்றரை மணிக்கு அழித்தார்கள். அழித்துவிட்டு, பன்னிரண்டு மணி விழாவில் கொடுத்த மலரில் ‘நம் கல்லூரியில் முதன்முறையாக’ என்று அச்சடித்திருந்தார்கள். இதுதான் நடந்த அநியாயம். இதை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

முதன்முறையாக எது? கணினிக்கூடத்தில் பதினான்கு பெட்டிகள் இருக்கின்றன. மாணவர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் அவற்றில் கணக்கு ஓட்டுகிறார்கள். ஒரு பெட்டியில் இருபது வேலை ஏறித் திணறும்போது பக்கத்துப் பெட்டி சும்மா இருக்கும். திணறும் பெட்டியிலிருந்து ஒரு வேலையை, பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் நினைவில் இருப்பதையெல்லாம் அப்படியே எழுதி எடுத்து, சும்மா இருக்கும் பெட்டியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து ஓடவைக்க வேண்டும். இதைத்தான் புது மென்பொருள் ‘முதன்முறையாக’ செய்யப்போகிறதாம். பதினேழு வருடமாக அதை யார் செய்தது? நான் எழுதிய ‘பதிலி’ செய்தது.

எனக்கு அறுபத்தேழு வயது. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. மில் மூடிய பிறகு இந்தக் கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். நாற்காலி துடைத்துக்கொண்டே நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விழாவில் பொன்னாடை போர்த்தி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். என் ஒப்பந்தம் முடிந்ததாம். துறைப் பொறுப்பாளர் ஆனந்தரூபனுக்கு முப்பத்துநான்கு வயது, டாக்டர் பட்டம். அவரிடம் சாவிகளையும், கடவுச்சொற்கள் எழுதிய தாளையும் கொடுத்தேன். “அண்ணா, இதுபோக நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது எதாவது இருக்கா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க சார்” என்றேன்.

முறைப்படி எல்லாம் ஒப்படைத்தாயிற்று.

ஆகஸ்ட் 22

கடிகாரத்தை மாட்டவில்லை. ஆணி அடித்தால் சுவர் உதிரும்.

ஆகஸ்ட் 24

சாந்தாமணி பீரோவைத் திறந்துவிட்டுச் சிரிக்கிறாள். “ஏனுங், கடியாரத்த துணிக்குள்ள வெச்சிருக்கறீங்க? உங்க வேட்டி மணி பாக்குதா?”

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். இன்னும் இப்படித்தான் பேசுகிறாள்.

பதிலியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் என் நிரலைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் வெளிநாட்டுல முப்பது வருஷம் முன்னாடியே எழுதியிருக்காங்க, தெரியுமா?” என்றார். “அவங்களும் ஏதாச்சும் மில்லுல இருந்திருப்பாங்க சார்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது நிரந்தர ஆட்களில் பத்துப் பேராவது வந்திருக்க மாட்டார்கள். கேட்டில் பதிலிகள் நாற்பது பேர் நிற்பார்கள். எந்த மெஷினில் ஆள் இல்லையோ அங்கே ஒரு பதிலியை அனுப்புவது என் வேலை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். பத்து நிமிடம் முந்தைய வருகைச் சீட்டை நம்பி அனுப்பினால் ஒரே மெஷினில் நான்கு பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள், அடுத்த மெஷினில் நூல் அறுந்து கிடக்கும். ஒருவனை ஒரு ஷிப்டில் ஒரு தடவைக்கு மேல் மாற்றினால் அவன் நடந்துகொண்டேதான் இருப்பான், நூற்க மாட்டான். புது ஆள் வந்து மெஷினில் கை வைக்கும்வரை பழைய ஆள் கையை எடுக்கக் கூடாது. அது எங்கள் மில்லின் சட்டம், மானேஜருக்கும் சேர்த்து. இவை எல்லாமே பதிலிக்குள் இருந்தன. வேலையை வேறு பெட்டிக்கு மாற்றிய பிறகும் பழைய பெட்டியில் அதன் பிரதி ஒரு நாள் முழுக்க இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கேட்டில் நிற்பவனை அனுப்பும் முன் கையைப் பிடித்துப் பார்ப்பேன். சும்மா நிற்கிறான் என்பதால் வேலைக்கு ஆவான் என்று அர்த்தமில்லை. காய்ச்சலோடு வந்து நிற்பான். அதனால் பதிலியும் எந்தப் பெட்டிக்கும் வேலை அனுப்பும் முன் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கும். சரியான விடை வந்தால்தான் அனுப்பும். அதற்கு ‘கைபார்த்தல்’ என்று பெயர் வைத்தேன். புதியதில் அது இல்லை. கேட்டேன். “அதெல்லாம் தேவையில்லண்ணா, லோடு கம்மியா இருந்தா போதும்” என்றார் ஆனந்தரூபன்.

பார்க்கலாம்.

ஆகஸ்ட் 27

கணினிக்கூடத்து உதவியாளர் தனலட்சுமி போன் செய்தாள். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“அண்ணா, புது சிஸ்டத்துல பெரிய டிவி மாட்டிருக்காங்க. எந்தப் பெட்டி எத்தன வேல முடிச்சுதுன்னு காட்டுது. யாரு முதலிடம் சொல்லுங்க பாக்கலாம்?”

“பதினொண்ணா?”

“ஏழுங்ணா! ஒரே காலைல நானூத்திப் பன்னண்டு வேல! பிரின்சிபால் வந்து பாத்துட்டு, ‘பழசு பழசுன்னீங்களே, இதப் பாருங்க’ன்னு கை தட்டிட்டுப் போறாரு.”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எதற்கு என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் இல்லை.

ஆகஸ்ட் 29

தனலட்சுமி மறுபடியும். மாணவர்களின் விடைகள் வெறுமையாக வருகின்றனவாம். ‘முடிந்தது’ என்று மட்டும் வருகிறது, கோப்பில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நிரலில் தப்புச் செய்திருக்கிறார்கள் என்று ஆனந்தரூபன் சொல்லிவிட்டாராம். இரண்டாம் வருடத்தில் பதினொரு பேருக்கு அகமதிப்பீட்டில் பூஜ்யம்.

“உங்களுக்கு எதாவது தோணுதுங்ளா அண்ணா?”

“நான் ஓய்வு பெத்த ஆளு. மலர்ல பாரு, என்ற பேரே இல்ல. எனக்கென்ன தோணும்?”

சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

செப்டம்பர் 1

ஆனந்தரூபன் மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. தேவை என்றால் சிங்காநல்லூரில் என் வீட்டுக்கு அவர் பஸ் ஏறி வரட்டும். திருத்திய மலரோடு வரட்டும்.

வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

செப்டம்பர் 3

ஜெரினா வந்தாள்.

கட்டடவியல் துறையில் ஆராய்ச்சி செய்கிற பெண். சொந்த ஊர் உடுமலை. மழை வெள்ளம் ஊருக்குள் எந்தத் தெரு வழியாக எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று கணக்குப் போடுகிறாள். ஜூலை இருபதில் ஆரம்பித்த கணக்கு. அறுபது நாள் ஓட வேண்டும். பதிலி அதை நான்கு தடவை இடம் மாற்றியிருக்கிறது, ஒரு மணி நேரம்கூட இழக்காமல். இப்போது பதினொன்றாம் பெட்டியில் ஓடுகிறது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்து.

“ரெண்டு தடவ நீட்டிப்பு வாங்கிட்டேன் ஐயா. மூணாவது கிடையாதுன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க.”

சாந்தாமணி காப்பி கொடுத்தாள். “சாப்புட்டுப் போ சாமி. இவரு பேசுனா முடிக்க மாட்டாரு, அதுக்குள்ள சோறு ஆயிரும்.”

ஜெரினா ஒரு தாளை எடுத்தாள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கம். “உங்க இனிஷியல் க.வா, கா.வான்னு கேக்கத்தான் வந்தேன் ஐயா.”

காளியண்ணன், அதனால் ‘கா.’ என்றேன். தாளை வாங்கிப் படித்தேன். ‘பதிலி என்ற நிரலை எழுதி, என் கணக்கை நான்கு முறை சேதமின்றி இடம் மாற்றிய டாக்டர் கா. சென்னியப்பன் அவர்களுக்கு’ என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். டாக்டர் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்ல வரவில்லை. சாந்தாமணியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

புறப்படும்போது ஜெரினா சொன்னாள். “ஞாயித்துக்கிழம காலைல பத்து மணிக்குப் புது சிஸ்டம் எல்லாத்தையும் சமப்படுத்துமாம் ஐயா. நீளமா ஓடற வேலையெல்லாம் லோடு கம்மியான பெட்டிக்கு மாத்துவாங்களாம். என்னோடதும் இன்னும் வேகமா போகும்ல?”

“ம்” என்றேன்.

கேட்டுவரை போய் வழியனுப்பினேன். பஸ் போன பிறகும் நின்றேன்.

செப்டம்பர் 4

ஏழாம் பெட்டியின் கோளாறைப் பற்றி எழுதவில்லை என்று இப்போது திருப்பிப் பார்க்கும்போது தெரிகிறது. எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

நான்கு வருடம் முன்பு இடி விழுந்த நாளில் அதன் நினைவகத்தில் மேல்பாதி கெட்டுப்போனது. சின்ன வேலை என்றால் ஒழுங்காகச் செய்யும். பெரிய வேலை போய் மேல்பாதியைத் தொட்டதும் வேலை செத்துவிடும். செத்த உடனே பெட்டி மறுபடியும் சும்மா ஆகிவிடும். சும்மா இருக்கிறதே என்று அடுத்த வேலை வரும். அதுவும் சாகும். நானூற்றிப் பன்னிரண்டும் அப்படித்தான் முடிந்திருக்கும். புதியது ‘நின்றது’ என்பதை ‘முடிந்தது’ என்று எண்ணிக்கொள்கிறது.

ஞாயிறு பத்து மணிக்கு எந்தப் பெட்டியில் லோடு பூஜ்யமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது வேலையைக் கொண்டுபோய் வைத்ததும் பழைய இடத்தில் இருக்கும் பிரதியை அழித்துவிடும். அதையும் நான் அவர்களுடைய கையேட்டில் படித்திருக்கிறேன்.

செப்டம்பர் 5

நல்ல தண்ணீர் வரும் நாள். எட்டுக் குடம் பிடித்தேன். ஜெரினாவின் எண்ணை எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் என்ன சொல்வது? ஏழாம் பெட்டியைப் பற்றிச் சொன்னால், எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார்கள்.

“ஒரே கொடத்த மூணாவது தடவ கழுவறீங்க” என்றாள் சாந்தாமணி. “அந்தப் புள்ள வந்துட்டுப் போனதுலிருந்து நீங்க சரியில்ல. என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல.”

“அதத்தான் கேக்கறேன்.”

செப்டம்பர் 6

எட்டே கால் மணிக்குச் சட்டை மாட்டினேன்.

“எங்கீங்?”

“கடியாரத்துக்கு ஆணி வாங்கறதுக்கு.”

“பஸ் காசோடயா?” என்றாள். ஆனால் பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக் கொடுத்தாள்.

கல்லூரி வாசல் பலகையிலும் ‘முதன்முறையாக’ என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே காவலாளி அடையாள அட்டை கேட்டான். பதினேழு வருடம் தினமும் எனக்கு வணக்கம் சொன்னவன். “புது ரூல் சார், கோவிச்சுக்காதீங்க.” தனலட்சுமிக்குப் போன் போட்டேன். அவள் ஓடி வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனாள். விருந்தினர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். மாட்டிக்கொண்டேன்.

ஒன்பதரை. கூடத்தில் ஆனந்தரூபன் இருந்தார். தாடி மழிக்கவில்லை. “வாங்கண்ணா. போன எடுத்திருக்கலாம்ல?” என்றார்.

“ஏழாம் பெட்டிய வரிசைலருந்து எடுங்க சார். பத்து மணிக்குள்ள.”

“ஏழா? அதுதாண்ணா நம்மகிட்ட இருக்கறதுலயே நல்லா ஓடறது. பாருங்க, லோடு ஜீரோ.”

“அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.”

அவர் நம்பவில்லை. நியாயம்தான். மலரில் பெயர் இல்லாத கிழவன் வந்து முதலிடம் வாங்கிய பெட்டியை நிறுத்து என்றால் யார் நம்புவார்கள்? உட்கார்ந்து, என்னுடைய கைபார்த்தல் கணக்கை ஏழுக்கு அனுப்பினேன். அரை நொடியில் சரியான விடை வந்தது.

தனலட்சுமி என்னைப் பார்த்தாள். ஆனந்தரூபன் அந்த விடையை இன்னொரு தடவை படித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை எழுதத்தான் வேண்டும். என் கைபார்த்தல் ஏழாம் பெட்டியின் கோளாறைப் பிடிக்கவில்லை. எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. காய்ச்சல்காரன் முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் நிற்பான். பதிலியின் பெட்டிப் பட்டியலில் ஏழாவது வரிக்கு முன்னால் நான் ஒரு குறி போட்டு வைத்திருந்தேன். அந்தக் குறி இருந்தால் நிரல் அந்த வரியைப் படிக்காது. நான்கு வருடம் ஏழாம் பெட்டியை விலக்கி வைத்தது பதிலி இல்லை, அந்த ஒற்றைக் குறி. பதிலியை அழித்தபோது அதுவும் போயிற்று. அவர்கள் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துப் பதினான்கு பெட்டிகளையும் புதிதாகச் சேர்த்தார்கள்.

“சின்னதுக்கு விடை சொல்லும் சார். நினைவகம் முழுக்க நிரம்பற மாதிரி ஒண்ணு குடுங்க.”

அவரே எழுதினார். விரல்கள் வேகமாகப் போயின. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது நாற்பத்தாறுக்கு அனுப்பினார். திரையில் நினைவகப் பட்டை மெதுவாக ஏறியது. முப்பது, நாற்பது, ஐம்பது. ஐம்பத்து மூன்றில் நின்றது. பெரிய டிவியில் ஏழாம் பெட்டிக்கு இன்னொரு ‘முடிந்தது’ கூடியது. லோடு பூஜ்யம். விடைக் கோப்பைத் திறந்தார். ஒன்றும் இல்லை.

ஆனந்தரூபன் நாற்காலியில் சாய்ந்தார். “அந்தப் பதினோரு பேரும்…” என்றார். பிறகு, “ஜெரினா” என்றார். நான் சொல்லவில்லை, அவராகவே சொன்னார்.

பத்து மணி வரிசையைத் திறந்து பார்த்தார். ‘பதினொன்றிலிருந்து ஏழுக்கு’ என்று முதல் வரியே அதுதான். பட்டியலுக்குப் போய் ஏழாவது வரிக்கு முன்னால் குறியை அவரே போட்டார். மறுபடியும் வரிசையைப் பார்த்தோம். ‘பதினொன்றிலிருந்து மூன்றுக்கு’ என்று மாறியிருந்தது. ஒன்பது ஐம்பத்தைந்து.

“பழைய பிரதிய அழிக்காம வெக்கச் சொல்லுங்க” என்றேன். அதற்கு எங்கே மாற்றுவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஜெரினாவின் வேலையை மட்டும் தனியாக ஒரு பிரதி எடுத்து வேறு வன்தட்டில் போட்டார். போட்டு முடித்தபோது பத்து அடித்தது.

பதினொன்றில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் நின்றன. நாற்பத்தொன்பதாவது நாள். மூன்றாம் பெட்டியின் திரை கறுப்பாக இருந்தது. தனலட்சுமி கந்தசஷ்டி கவசத்தில் பாதி முடித்துவிட்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான் எழுந்துபோய் மூன்றாம் பெட்டியின் மேல் கை வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. நான்காவது நிமிடம் மூன்றில் எண்கள் வந்தன. நின்ற எண்ணுக்கு அடுத்த எண். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

இதே வேலையை மாற்ற என் பதிலிக்குப் பதினொரு நிமிடம் ஆகும். எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

தனலட்சுமி டீ வாங்கப் போனாள். ஆனந்தரூபன் கேட்டார். “ஏழு எப்ப இருந்துண்ணா இப்படி?”

“நாலு வருசமா.”

“ரிப்போர்ட் இல்லையே.”

“எழுதல. நானே சரி பண்ணிருவேன்னு நெனச்சேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நான் கேட்டேன்ல அண்ணா. வேற எதாவது இருக்கான்னு.”

அவர் குரலை உயர்த்தவில்லை. கழுத்தில் இருந்த விருந்தினர் அட்டையைத் திருப்பி வைத்தேன். “மலர்ல ‘முதன்முறையாக’ன்னு போட்டிருந்தீங்க” என்றேன்.

“ஆமா. தப்புதான். கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்தத நான் படிக்காம விட்டுட்டேன்.”

டீ வந்தது, குடித்தோம். சர்க்கரை அதிகம்.

செப்டம்பர் 7

பிடிவாதம் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதிலி நான் எழுதியது. அது பதினேழு வருடம் ஓடியது. அதை யார் கேட்டாலும் நிமிர்ந்துதான் சொல்வேன். ஜெரினா காலையில் போன் செய்தாள். நேற்று நடந்ததைத் தனலட்சுமி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. “அஞ்சாவது தடவையும் சேதமில்லாம மாத்திட்டீங்க ஐயா” என்றாள். “மாத்துனது நான் இல்ல சாமி” என்றேன். நம்பவில்லை.

முழுவதும் அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் 8

செய்ய வேண்டியவை. ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒன்று இங்கே.

முதல்வர்: மலரிலும் நுழைவாயில் பலகையிலும் ‘முதன்முறையாக’ என்பதை அடிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது. பலகையைக் கழற்றி எழுத வேண்டும்.

ஆனந்தரூபன்: எந்தப் பெட்டிக்கும் வேலை அனுப்பும் முன் கைபார்த்தல் வேண்டும். என்னுடைய சின்னக் கணக்கு போதாது. அவர் ஞாயிற்றுக்கிழமை எழுதிய பெரிய கணக்கைச் சேர்க்க வேண்டும். இடம் மாற்றிய வேலையின் பழைய பிரதி ஒரு நாள் இருக்க வேண்டும். இதில் பேரம் இல்லை.

தனலட்சுமி: ஏழாம் பெட்டியின் நெற்றியில் ‘ஏழாம் பெட்டிக்கு வேலை கொடுக்காதே’ என்று தாள் ஒட்ட வேண்டும். அதைக் கையால் எழுத வேண்டும், அலுவலகத்துக்குத் தட்டச்சு செய்யக் கொடுத்தால் ஏன், யார் சொன்னது என்று கேட்பார்கள்.

துறை: இரண்டாம் வருடப் பிள்ளைகள் பதினொரு பேரின் நிரலையும் மறுபடி ஓட்டி மதிப்பெண் போட வேண்டும். இந்த வாரத்துக்குள்.

ஜெரினா: ‘டாக்டர்’ என்று போட்டிருக்கிறாள். எடுத்துவிட வேண்டும். பதினெட்டாம் தேதி கணக்கு முடிந்ததும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்.

சாந்தாமணி: கடிகாரத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று சொல்ல வேண்டும். ஆணி வாங்கியாயிற்று.

சென்னியப்பன்: தலைக்குள் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு பெட்டியாகத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பதினொரு பேரும் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குப் போய், உங்கள் நிரலில் தப்பு இல்லை, எனக்கு ஆகஸ்ட் இருபதாம் தேதியே தெரியும், கேட்டார்கள், நான் சொல்லவில்லை என்று நின்று சொல்ல வேண்டும். நாளை, முதல் மணி.